கடலோரம் ரயில், ரயிலோரம் கேரவன்: டாலிஷ் வாரன் விடுமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுண்டியில், எக்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் டாலிஷ் வாரன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. என் மகனுக்கு ரயில் என்றால் உயிர். அவனுக்கு ஆறு வயதானபோது முதல்முறை அங்கே போனோம். இப்போது அவனுக்குப் பதினொன்று. நடுவில் ஒரு வருடம் தவிர எல்லாக் கோடையும் அங்கேதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவும் ஊரிலிருந்து வந்து ஒரு கோடை எங்களோடு இருந்தார். இங்கிலாந்தில் இருக்கும் நம் நண்பர்கள் போனிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் என்னிடம் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரயில் பார்க்க ஏன் டாலிஷ் வாரன்?

லண்டன் பேடிங்டனிலிருந்து பிளிமத், பென்சான்ஸ் போகும் மெயின் லைன், டாலிஷ் வாரனிலிருந்து டின்மத் வரை கடலை ஒட்டியே ஓடுகிறது. (டின்மத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டெய்ன்மௌத்’ மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் வாயில் ‘டின்மத்’தான்.) ஒரு பக்கம் செம்மண் நிறத்தில் செங்குத்தான பாறை, மறுபக்கம் கடல், நடுவில் இரட்டைத் தண்டவாளம். பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் ரயில் குகைக்குள் போய் வெளியே வருகிறது. வாரனுக்கு அடுத்த ஊரான டாலிஷுக்கும் டின்மத்துக்கும் நடுவே மட்டும் இப்படி ஐந்து குகைகள்.

கடலோரத்தில் சுற்றுலாவுக்காக ஓடும் ரயில்கள் பிரிட்டனில் நிறைய உண்டு. அவை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வந்து போகும். இங்கே ஓடுவது நிஜமான எக்ஸ்பிரஸ். காலையிலிருந்து இரவு வரை வந்துகொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்காமலே, மணலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஸ்டேஷன், கடற்கரை, கேரவன் பார்க்குகள் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேரவன் என்றால் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதா?

அதுவும் ஒரு வகை. அதற்குப் பெயர் டூரிங் கேரவன். நாங்கள் எடுப்பது ஸ்டேடிக் கேரவன். பார்க்கிலேயே நிரந்தரமாக நிற்கும் தகர வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று சின்ன பெட்ரூம், ஒரு ஹால், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். ‘ஆறு பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஹால் சோபாவைத்தான் விரித்துப் போட வேண்டும் என்று அர்த்தம். பாட்டி தாத்தாவோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இழுத்துக்கொண்டுதான் போவேன் என்றால் ஒரு சில விதிகள். இழுக்கும்போது மோட்டார்வேயிலும் டூயல் கேரேஜ்வேயிலும் மணிக்கு 60 மைல்தான். நடுவில் பிரிக்காத சாதாரணச் சாலையில் 50. மூன்று தட மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது. ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரவும் கூடாது. டெவனின் உள்சாலைகள் இரண்டு பக்கமும் உயர்ந்த வேலி வைத்த ஒற்றையடிச் சந்துகள் மாதிரி. முதல்முறை இழுப்பவர்களுக்கு அந்த இடத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பார்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மேப்பைப் பாருங்கள், நீச்சல் குளத்துப் படத்தை அப்புறம் பார்க்கலாம். ஸ்டேஷனிலிருந்து உங்கள் கேரவன் நிற்கும் வரிசை வரை எத்தனை நிமிட நடை, ஏற்றமா சமதரையா என்று போன் பண்ணிக் கேளுங்கள். ஒரு வருடம் ‘கடலிலிருந்து சில நிமிடங்கள்’ என்ற வரியை நம்பிப் பணம் கட்டினோம். அது கார் நிமிடங்கள். மணலும் ஈரத்துணியுமாக, தூங்கி விழும் நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாயங்காலமும் மேடு ஏறினோம்.

அடுத்தது, படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். பல இடங்களில் சேர்த்தி இல்லை. எங்கள் முதல் வருடத்தில் இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், மெத்தை வெறும் மெத்தையாக இருந்தது. என் இரண்டு வேட்டியும் மனைவியின் காட்டன் புடவையும்தான் அன்றைக்கு விரிப்பு. போர்வைக்கு ஜாக்கெட்.

எந்த மாதம் போகலாம்?

பள்ளி விடுமுறையான ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய வாடகை உச்சத்தில் இருக்கும். மே மாத அரைப்பருவ விடுமுறை எங்களுக்குப் பிடித்தது: வெளிச்சம் இரவு ஒன்பதைத் தாண்டி நிற்கும், கூட்டம் குறைவு. கடலில் குளிக்க மட்டும் மே சரிப்படாது. நம் ஊர்க் கடல் என்று நினைத்து இறங்காதீர்கள், ஆகஸ்டில்கூடத் தண்ணீர் நடுக்கும்.

காரில் போவதா, ரயிலில் போவதா?

ரயில். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ரயில் பிடித்த குழந்தைக்கு விடுமுறை பேடிங்டனிலேயே ஆரம்பித்துவிடுகிறது. எக்ஸெட்டர் செயின்ட் டேவிட்ஸ் வரை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே இறங்கி பெய்ன்டன் போகும் உள்ளூர் ரயிலில் மாறினால் கால் மணி நேரத்துக்குக் கூடக்குறைய டாலிஷ் வாரன். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், 5 முதல் 15 வரை பாதிக் கட்டணம். ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். ஒரே பயணத்தில் கார்டின் விலை வந்துவிடும் அளவுக்கு எங்களுக்கு மிச்சமானது.

அரிசி மூட்டை, குக்கர் எல்லாம் எப்படித் தூக்குவது என்று கேட்பீர்கள். அரிசி, பால், காய்கறியைக் கேரவனுக்கே வரவழைக்கலாம். சூப்பர்மார்க்கெட் டெலிவரி வண்டிகளைப் பார்க்குக்குள் அடிக்கடி பார்ப்போம். பெட்டியில் பொடி வகைகளும் சின்ன குக்கரும் போதும்.

ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

எக்ஸெட்டரிலிருந்து போகும்போது இடது பக்கம். முதலில் எக்ஸ் ஆற்றின் அகன்ற முகத்துவாரம், சேற்றுத் திட்டுகளில் பறவைகள், அப்புறம் கடல். ஆனால் வலது பக்கத்திலும் இரண்டு விஷயம் உண்டு. பவுடரம் கோட்டையின் புல்வெளியில் மான் கூட்டம் மேயும். அதைத் தாண்டி ஸ்டார்கிராஸ் ஸ்டேஷன் எதிரே சிவப்புக் கல்லில் கோபுரம் வைத்த பழைய கட்டடம் வரும். அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

நின்று பார்க்க நல்ல இடம் எது?

மூன்று இடம் சொல்வேன்.

ஒன்று, டாலிஷ் வாரன் ஸ்டேஷனே. இங்கே நாலு தண்டவாளம். நிற்கும் ரயில்கள் ஓரத்துத் தடங்களில் பிளாட்பாரத்துக்கு வரும், நிற்காத எக்ஸ்பிரஸ் நடுவில் போகும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். டிரைவரை நோக்கி ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது.

இரண்டு, வாரனிலிருந்து டாலிஷ் வரை கடல் தடுப்புச் சுவர் மேலேயே போகும் நடைபாதை. ஒன்றரை மைல் அளவு இருக்கும். லாங்ஸ்டன் ராக் என்ற சிவப்புப் பாறையிலிருந்து ஆரம்பித்தால் ஒரு கையில் கடல், மறுகையில் தண்டவாளம். ரயில் வரும் சத்தம் அலைச் சத்தத்தில் கேட்காது. முதலில் தண்டவாளம் லேசாகப் பாடும், அடுத்த நொடி காற்று முகத்தில் அடிக்கும், ரயில் பக்கத்தில் இருக்கும். மகன் கை காட்டுவான். பல டிரைவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள், அன்றைக்கு முழுவதும் அதே பேச்சாக இருக்கும். கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காற்றுள்ள நாளில் கடல் ஏறும்போது அலை கூழாங்கல்லையும் சேர்த்து வீசும்; அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம்.

மூன்றாவது, டின்மத் பக்கத்துச் சுவர். பார்சன்ஸ் டனல் என்ற குகை வாயிலிலிருந்து ரயில் வெளியே வருவதை நேர் எதிரே பார்க்கலாம். கேமரா வைத்திருப்பவர்கள் இங்கேதான் காத்திருப்பார்கள்.

என்னென்ன ரயில் வரும்?

பச்சை நிறத்து கிரேட் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் அதிகம். ஹிட்டாச்சி செய்தது, 802 வகை. ஐந்து பெட்டி அல்லது ஒன்பது பெட்டி. ஐந்தும் ஐந்துமாகச் சேர்த்தும் ஓட்டுவார்கள். பேடிங்டனிலிருந்து கரண்டில் கிளம்பி, மேலே கம்பி முடிந்ததும் டீசலுக்கு மாறுகிறது. டாலிஷ் பக்கம் மேலே கம்பியே கிடையாது. கிராஸ்கன்ட்ரி கம்பெனியின் வாயேஜர், எக்ஸ்மத்துக்கும் பெய்ன்டனுக்கும் நடுவே ஓடும் உள்ளூர் ரயில்கள், இரவில் பேடிங்டனுக்கும் பென்சான்ஸுக்கும் இடையே நைட் ரிவியரா என்ற படுக்கை வசதி ரயில். இது மட்டும் இன்னமும் எஞ்சின் இழுக்க, பெட்டிகள் பின்னால் வரும் வகை. மகன் ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து கேரவன் ஜன்னலைத் திறந்து அதன் சத்தத்தைக் கேட்டான். கோடையில் சில நாட்களில் சிறப்பு நீராவி ரயிலும் இந்த வழியாக வரும். அன்றைக்குச் சுவர் முழுக்க ஜனம் நிற்கும்.

அலை ரயில் மேலேயே அடிக்குமா? ஆபத்து இல்லையா?

அடிக்கும். குளிர்காலப் புயலில் பெட்டி மறையும் அளவுக்கு அடிக்கும். வாயேஜர் ரயிலின் கூரையில் பிரேக்குக்கான மின்தடைக் கருவிகள் (ரெசிஸ்டர்) இருக்கின்றன. உப்புத்தண்ணீர் பட்டால் அவை பழுதாகி ரயிலே நின்றுபோகும், அதனால் புயல் நாட்களில் அந்த ரயில்களை இந்தப் பக்கம் விடாமல் நிறுத்துவது உண்டு.

2014 பிப்ரவரி 4 இரவு வந்த புயலில் டாலிஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சுவர் உடைந்தது. அடியில் இருந்த மண் முழுவதும் கடலோடு போக, தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் கயிற்று ஏணி மாதிரி தொங்கியது. சுவரை ஒட்டியிருந்த வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். டெவனுக்கு மேற்கே இருக்கும் கார்ன்வாலுக்கும் டெவனின் பெரும்பகுதிக்கும் நாட்டின் மற்ற பகுதிகளோடு இருந்த ரயில் தொடர்பு அறுந்துபோனது. டார்ட்மூர் மேட்டுநிலத்தைச் சுற்றிப் போன மாற்று வழியை 1968-லேயே மூடிவிட்டிருந்தார்கள். ரயில்வே ஆட்கள் கப்பல் கன்டெய்னர்களில் கல்லை நிரப்பி வரிசையாக நிறுத்தி, அலையைத் தடுத்து, அதற்குப் பின்னால் வேலை பார்த்தார்கள். சரியாக இரண்டு மாதம். ஏப்ரல் 4-ந்தேதி ரயில் ஓடியது. அப்பா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, உடைந்த இடத்தில் போய் வெகுநேரம் நின்றார். “டிசம்பர்ல பாம்பனை அடிச்சிட்டுப் போச்சே, அப்பவும் சீக்கிரமே ரயிலை விட்டுட்டோம்” என்றார். 1964 புயலைச் சொன்னார். கண்டிப்பாக ‘விட்டோம்’ என்றுதான் சொன்னார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். ரயில்வேக்காரர்களுக்கு எல்லா ரயில்வேயும் சொந்தம்.

இப்போது டாலிஷில் புதுச்சுவர் நிற்கிறது. பழையதைவிட உயரம், மேல் விளிம்பு கடல் பக்கம் வளைந்திருக்கும். வந்த அலை அந்த வளைவில் திரும்பிக் கடலுக்கே போகும். இரண்டாம் பகுதி 2023-ல் முடிந்தது. சுவர் மேலே அகலமான நடைபாதையும் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டார்கிராஸில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடம் என்ன?

எஞ்சினே இல்லாமல் ஓடிய ரயிலின் மிச்சம். இந்தப் பாதையைக் கட்டிய இஸம்பார்ட் கிங்டம் புரூனெல், தண்டவாளத்துக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய் பதித்தார். சில மைலுக்கு ஒரு பம்ப் வீடு கட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றை நீராவி பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். ரயிலின் அடியிலிருந்து ஒரு பிஸ்டன் குழாய்க்குள் இறங்கியிருக்கும். முன்னால் காற்று இல்லை, பின்னால் இருக்கும் காற்று தள்ளும், ரயில் ஓடும். புகை இல்லை, கரி இல்லை. மணிக்கு 60 மைலைத் தாண்டிய ஓட்டமும் பதிவாகியிருக்கிறது.

மகனுக்கு இது புரியவில்லை. அப்பா கேரவனில் செய்த ஜவ்வரிசிப் பாயசத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ராவைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னார். ஒரு ஜவ்வரிசி விறுவிறுவென்று ஏறியது. “கண்ணா, அந்த ஜவ்வரிசிதான் ரயில். நீதான் பம்ப் வீடு.” அவன் டம்ளர் காலியாகும் வரை ரயில் விட்டான்.

பிரச்சினை குழாயின் மேல் இருந்த பிளவில் வந்தது. பிஸ்டனையும் ரயிலையும் இணைக்கும் கை அந்தப் பிளவு வழியாகத்தான் போக வேண்டும். ரயில் போனதும் பிளவை மூட நீளத்துக்கும் தோல் மடிப்பு வைத்திருந்தார்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் உறைபனியிலும் தோல் இறுகிக் கிழிந்தது, காற்று உள்ளே புகுந்தது. 1847 செப்டம்பரில் மக்களுக்கான சேவை தொடங்கியது, 1848 செப்டம்பரில் நின்றது. ஒரே வருடம். ஸ்டார்கிராஸ் பம்ப் வீடு இன்னும் நிற்கிறது.

இன்னொன்றும் அப்பாவை அசத்தியது. புரூனெலின் தண்டவாள அகலம் ஏழடிக்கும் கால் அங்குலம் கூட. “நம்ம பிராட்கேஜே அஞ்சரை அடிதானேடா!” என்று அவர் கையை விரித்து விரித்துக் காட்டினார். 1892 மே மாதம் ஒரே வார இறுதியில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இறக்கி, எக்ஸெட்டருக்கு மேற்கே இருந்த அகலப் பாதை முழுவதையும் இப்போதைய நாலடி எட்டரை அங்குலத்துக்கு மாற்றினார்கள்.

கேரவனில் நம் சமையல் செய்ய முடியுமா?

தாராளமாக. ஆனால் இடம் சின்னது, கூரை தாழ்வு. மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் புகை அலாரம் அலறும். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். குளிருக்குப் பயந்து சுவரிலும் தரையிலும் இருக்கும் காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்கவே கூடாது. கேஸ் எரியும் சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, அதற்கு வாசனையும் கிடையாது. போனதும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

இட்லி மாவுக்கு ஃபிரிட்ஜில் இடம் பத்தாது. ரவை கொண்டு போங்கள். கோடையில் இந்தக் கடலில் மேக்கரல் நன்றாகக் கிடைக்கும். நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தம், புளி விட்டுக் குழம்பு வைத்தால் வித்தியாசமே தெரியாது. மீனைக் கேரவனுக்குள் வறுக்க வேண்டாம், வாசனை மெத்தையில் ஏறிவிடும்.

மகளுக்கு ரயில் பிடிக்காது. அவள் என்ன செய்வாள்?

என் மகளும் அப்படித்தான். அவளுக்கு வாரனின் மணல் திட்டு. ஆற்று வாய்க்குக் குறுக்கே நாக்கு மாதிரி நீண்டிருக்கும், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. மணல்மேடும் புல்லும் பறவைகள் பார்க்கும் மறைவிடமும் உண்டு. டாலிஷ் ஊருக்கு நடுவே ஓடும் ஓடையில் கருப்பு அன்னங்கள் நீந்தும், சிவப்பு மூக்கோடு. ஊரின் அடையாளமே அவைதான். வாரன் ஸ்டேஷன் பக்கத்தில் ராட்டினம், சின்னக் கார் ஓட்டும் இடம் எல்லாம் இருக்கிறது, அதற்குத் தினமும் இவ்வளவுதான் காசு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

மழை பெய்தால்?

பெய்ன்டனுக்கு ரயில் ஏறுங்கள். இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டார்ட்மத் ஸ்டீம் ரயில்வேயின் ஸ்டேஷன். கிங்ஸ்வேர் வரை ஏறக்குறைய ஏழு மைல், கடலோரமாகவும் காட்டு வழியாகவும் நிஜ நீராவி எஞ்சின் இழுக்கும். அங்கிருந்து படகில் டார்ட் ஆற்றைக் கடந்தால் டார்ட்மத். அந்த ஊரில் ரயில்வே ஸ்டேஷன் கட்டடம் ஒன்று உண்டு, அதற்குத் தண்டவாளம் மட்டும் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இதைச் சொன்னதும் மகன் நம்பவில்லை, பின்பக்கம் சுற்றிப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்தான்.

மகன் மணிக்கணக்கில் ரயில் நம்பரை நோட்டில் எழுதுகிறான். இப்படியே விடலாமா?

விடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மா அப்பாக்களின் முகத்தில் கவலை தெரியும், எனக்கும் இருந்தது. ‘கடலுக்கு வந்துட்டு நோட்டும் கையுமா உட்கார்ந்திருக்கானே’ என்று முதல் வருடம் அவனை இழுத்து இழுத்துத் தண்ணீரில் இறக்கினேன். இரண்டாம் வருடம் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம்பர், நேரம், எத்தனை பெட்டி, எந்தப் பக்கம் போனது, டிரைவர் கை காட்டினாரா என்று ஐந்து கட்டம் போட்டிருந்தான். கடைசிக் கட்டத்தில் மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தான். இந்த நாட்டில் ரயில் நம்பர் எழுதுவது பெரியவர்களும் செய்யும் பழைய பொழுதுபோக்கு. பிளாட்பாரத்தில் நரைத்த தலைகள் நோட்டோடு நிற்கும், பிள்ளைகள் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். வீட்டில் வாய் திறக்காத என் மகன் அவர்களிடம் அரைமணி நேரம் பேசுவான்.

ரயில் பெட்டியிலேயே தங்க முடியாதா?

முடியும். வாரன் ஸ்டேஷன் பக்கத்திலேயே பழைய பெட்டிகளை வீடாக மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வழக்கத்தை 1933-ல் எல்.என்.இ.ஆர். என்ற ரயில் கம்பெனி ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பெட்டிகளில் படுக்கையும் சமையலறையும் வைத்து, கிராமத்து ஸ்டேஷன் ஓரங்களில் நிறுத்தி வாடகைக்கு விட்டது. அடுத்த வருடமே கிரேட் வெஸ்டர்ன், எல்.எம்.எஸ். என்ற மற்ற ரயில் கம்பெனிகளும் பின்பற்றின. எல்.எம்.எஸ். தன் பெட்டிகளுக்கு வைத்த பெயரே ‘கேரவன்’. எண்ணிக்கை கொஞ்சம்தான், அதனால் வெகு முன்னதாகவே கேட்க வேண்டும். எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஸ்டேடிக் கேரவனுக்கு மூன்று நாலு படி ஏற வேண்டும், சாய்தளம் வைத்தது வேண்டும் என்றால் புக் செய்யும்போதே சொல்லுங்கள். டாலிஷ் ஸ்டேஷனில் புது மேம்பாலத்தோடு லிஃப்ட் வந்துவிட்டது. இரவில் கேரவன் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆகஸ்ட் என்றாலும் மஃப்ளர், ஸ்வெட்டர், ஒரு ஹாட் வாட்டர் பேக்.

கிளம்பும் நாளில் என்ன செய்வது?

காலை பத்து மணிவாக்கில் கேரவனைக் காலி செய்யச் சொல்வார்கள். முந்தின இரவே மணலைக் கூட்டி, பாத்திரம் கழுவி வையுங்கள். ரயில் மதியத்துக்கு இருந்தால், மூட்டையை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் கடைசியாக ஒருமுறை லாங்ஸ்டன் ராக் வரை போய்வரலாம். திரும்பும்போது ஆறு வலது பக்கம் வரும். இடம் கிடைத்தால் பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், இடது பக்கம் மான் வரும்போது மட்டும் எழுப்பி விடுங்கள்.